வடக்கன்குளத்துச் சுவர்

1910ஆம் ஆண்டு வடக்கன்குளம் திருக்குடும்பக் கோயிலுக்குள் நின்ற தடுப்புச் சுவர் இடித்துத் தள்ளப்பட்டது. இடிக்கச் சொன்னவர் வெளியாள் அல்ல, அந்தக் கோயிலில் பூசை வைத்துவந்த சேசு சபைச் சுவாமியார் கௌசானல். அந்தக் கோயில் 1872இல் கட்டப்பட்டது. ஆகவே செங்கல்லும் சுண்ணாம்புமாகப் பார்த்தால் சுவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் வடக்கன்குளத்துக்கு வந்து சேருமுன்பே அது நெடுந்தூரம் நடந்து வந்திருந்தது. மதுரையில் பிறந்து, பல ஊர்களில் வளர்ந்து, இங்கே கட்டடமாகவே உருவெடுத்த சுவர் அது. தமிழ்நாட்டுக் கிறித்தவத்தின் கதையில் கோபுரங்களுக்கும் பீடங்களுக்கும் வரலாறு எழுதியவர்கள் பலர். சுவருக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை எழுதாமல் அந்தக் கோயில்களின் வரலாறு முழுமையாகாது.

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் இருக்கிறது வடக்கன்குளம். பணகுடியும் காவல்கிணறும் பக்கத்து ஊர்கள். மேற்கே மலை, மலை இடைவெளி விடும் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் அந்நாளைய திருவிதாங்கூர். ஆடிக்காற்று அந்தக் கணவாய் வழியாகத்தான் பாய்ந்து வரும். இன்று அந்தக் காற்றை நம்பி வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. அன்று அந்த மண்ணில் நின்றவை பனைகள். பனையேறிப் பிழைத்தவர்களும், நிலம் வைத்திருந்தவர்களும், கணக்கு எழுதியவர்களும் ஒரே ஊரில் இருந்தார்கள். கிறித்தவம் இவர்கள் எல்லாரையும் ஒரே கூரைக்குள் அழைத்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

அந்தச் சிக்கலின் வேர் மதுரையில் இருக்கிறது. 1606இல் இத்தாலியரான ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியச் சுவாமியார் பரவர்களுக்காக ஒரு கோயில் நடத்திவந்தார். நொபிலி அந்தக் கோயிலிலிருந்து விலகித் தனியாகக் குடியிருந்து, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, மேல்சாதியாருக்கென்று தனிக் கோயில் அமைத்தார். தமிழையும் வடமொழியையும் அவர் கற்ற ஆழத்தை யாரும் மறுக்க முடியாது. உரைநடைக்கு அவர் செய்த தொண்டும் பெரிது. ஆனாலும் ஒரே ஊரில் ஒரே வேதத்துக்கு இரண்டு கோயில் என்ற ஏற்பாடு அவர் காலத்தில்தான் வேர்விட்டது. 1640 வாக்கில் பல்தசார் தா கோஸ்தா என்பவர் பண்டாரச் சாமி என்ற கோலத்தைத் தொடங்கினார். மேல்சாதியாரிடம் பிராமண சன்னியாசி வேடத்தில் ஒரு சுவாமியார், மற்றவர்களிடம் பண்டாரச் சாமி வேடத்தில் இன்னொருவர் என்று ஆயிற்று. 1693இல் ஓரியூரில் தலை கொடுத்த அருளானந்தர் பண்டாரச் சாமியாக உழைத்தவரே. சுவர் அப்போது கல்லால் எழும்பவில்லை. ஆடையாலும் சாப்பாட்டாலும் வீட்டு வாசலாலும் அது எழும்பியிருந்தது.

வடக்கன்குளத்தில் சபை வேர்பிடித்தது 1680களில். அக்காலத்தில் சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார்களிடையே உருவான முதல் கிறித்தவ சபை இதுதான் என்று அந்தச் சமூகத்தின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் குறிக்கிறார்கள். வெள்ளாளர்களும் சேர்ந்தார்கள். உபதேசியார்களும் கோயில் கணக்கு வழக்குப் பார்ப்பவர்களும் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரிந்த சாதிகளிலிருந்தே வந்தார்கள். எண்ணிக்கை ஒரு பக்கம், அதிகாரம் மறு பக்கம் என்ற அந்த நிலையை அடுத்த இருநூறு ஆண்டுகளும் மாற்றவில்லை.

இந்தக் கதையில் 1744, 1745 ஆகிய இரண்டு ஆண்டுகளை நின்று பார்க்க வேண்டும். 1744 செப்டம்பரில் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் ஒரு கட்டளை மடல் வெளியிட்டார். மதுரை, மைசூர், கர்நாடக மிஷன்களின் சுவாமியார்கள் சாகக் கிடக்கும் பறையரின் குடிசைக்குள்ளும் நுழைந்து அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வேண்டும் என்பது அந்தக் கண்டிப்பின் உள்ளடக்கம். அதுவரை பலர் குடிசைக்குள் போகாமல், நோயாளியை வெளியே தூக்கிவரச் செய்துகொண்டிருந்தார்கள். கட்டளைக்குக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வு என்ன தெரியுமா? பறையர்களுக்கென்று தனியாகச் சில சுவாமியார்களை ஒதுக்குவது. உரோமையிலிருந்து வந்த கண்டிப்பைக்கூட இன்னொரு பிரிவினையாக மாற்றி ஏற்றுக்கொள்ள முடிந்தது. சாதி எவ்வளவு நெளிவு சுளிவு தெரிந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு சுவர் விழுந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அதை எழுதி வைத்திருக்கிறார். கோயிலுக்குள் பறையர்களையும் மற்றவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. காரைக்காலில் ஒரு சுவாமியார் அங்கிருந்த சுவரை எடுத்துவிட்டார் என்ற செய்தி வந்ததும், புதுச்சேரிப் பறையர்கள் பெரிய சுவாமியாரிடம் போய் முறையிட்டார்கள். சுவர் எடுக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பிள்ளை கிறித்தவர் அல்லர். வெளியே நின்று பார்த்தவர். அவர் எழுதி வைத்ததால்தான் அந்தச் சுவர் எப்படி இருந்தது, யார் கேட்டு அது விழுந்தது என்பது நமக்குத் தெரிகிறது. நாட்குறிப்பின் அந்தப் பக்கங்களில் என்னை அதிகம் தொடுவது கேட்டவர்களின் துணிவு. சுவரைத் தாமாக யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் போய்க் கேட்டார்கள்.

அதே 1745இல், மே 14ஆம் தேதி, வடக்கன்குளத்தில் ஒரு ஞானஸ்நானம் நடந்தது. கணவாயைத் தாண்டி வந்தவர் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் அரசில் அலுவலர். குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே படைத்தலைவரான டச்சுக் கம்பெனிப் படை அலுவலர் டிலனாய்தான் அவருக்கு வேதம் சொன்னவர். சொந்தச் சீமையில் ஞானஸ்நானம் பெறுவது ஆபத்து. அதனால் எல்லைக்கு இப்பால் இருந்த வடக்கன்குளத்துக்கு, பரஞ்சோதிநாதர் என்று தமிழர் அழைத்த புத்தாரி சுவாமியாரிடம், டிலனாய் அவரை அனுப்பி வைத்தார். அங்கே அவர் பெற்ற பெயர் தேவசகாயம். அவர் மனைவி பார்கவி அம்மாளும் இவ்வூரில்தான் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கமாயிற்று. ஞானப்பூ அம்மாள் சொந்த ஊர் திரும்பவில்லை. கடைசிவரை வடக்கன்குளத்தில் வாழ்ந்து அங்கேயே இறந்தார்.

தேவசகாயம் செய்த குற்றமாக அவருடைய பகைவர்கள் சொன்னவற்றில் ஒன்று, சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகியது. அந்த மனிதரின் தலையில் தண்ணீர் வார்த்த ஊரில்தான் பின்னாளில் சுவர் எழும்பியது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

1773இல் உரோமை சேசு சபையையே கலைத்தது. மதுரை மிஷன் ஆளில்லாமல் தேய்ந்தது. கோவாவிலிருந்து வந்த சுவாமியார்கள் பரந்த நிலப்பரப்பை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களைக் கொண்டு பார்த்துக்கொண்டார்கள். சுவாமியார் எப்போதாவது வந்துபோகும் ஊரில் கோயில் யார் கையில் இருக்கும்? ஊர்ப் பெரியவர்கள் கையில். இடம், வரிசை, முதல் மரியாதை, சப்பரம் போகும் தெரு ஆகியவை அந்த இடைக்காலத்தில் வழக்கம் என்ற பெயரில் இறுகிப்போயின. 1838 வாக்கில் பிரெஞ்சுச் சேசு சபையார் புதிய மதுரை மிஷனைத் தொடங்கியபோது, அந்த வழக்கத்தையே அவர்கள் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. கோவாச் சுவாமியார்களுக்கும் இவர்களுக்கும் அதிகாரப் போட்டி வேறு. ஒரு கட்சியார் முறைத்துக்கொண்டால் மறுதரப்புச் சுவாமியாரிடம் போய்விடுவார்கள் என்ற பயம் எல்லாப் பங்கிலும் இருந்தது. புராட்டஸ்டண்டு மிஷனரிகளோ திருநெல்வேலியில் நாடார்களைத் திரள் திரளாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளாளரையும் இழக்கக் கூடாது, நாடாரையும் இழக்கக் கூடாது. 1872இல் எழுந்த கோயில் இந்தப் பயத்தின் கட்டட வடிவம்.

அந்தக் கோயிலின் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பொதுவாகக் கத்தோலிக்கக் கோயில் சிலுவை வடிவில் இருக்கும். நீளமான ஒரு நடுச்சாலை, அதன் முகப்பில் பீடம். வடக்கன்குளத்தில் நடுச்சாலை இரண்டு. ஒரே பீடத்திலிருந்து இரண்டு கைகளாகப் பிரிந்து, கால்சட்டையின் இரு கால்களைப் போல விலகிப் போயின. ஒரு சிறகில் வெள்ளாளர்களும் அவர்களோடு சேர்த்து எண்ணப்பட்டவர்களும்; மறு சிறகில் நாடார்களும் ஏனையோரும். இரண்டையும் பிரித்துச் சுவர். சுவாமியார் நிற்கும் இடத்திலிருந்து இரு பக்கமும் தெரியும். இரு பக்கத்தாருக்கும் பீடம் தெரியும். ஒருவருக்கொருவர் மட்டும் தெரியாது.

அக்காலப் பூசை இலத்தீனில். சுவாமியார் மக்களுக்கு முதுகு காட்டிப் பீடத்தைப் பார்த்து நிற்பார். இடையிடையே திரும்பி ‘தோமினுஸ் வோபிஸ்கும்’ என்று கைவிரிப்பார். ‘கர்த்தர் உங்களோடு’ என்று பொருள். வடக்கன்குளத்தில் அவர் திரும்பும்போது எதிரே ஒரு சபை இராது, இரண்டு இருக்கும். எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தால் இரு சிறகிலும் ஒரே நொடியில் முழங்கால்கள் மடியும். பக்கத்துச் சிறகில் உடைகள் சரசரப்பது காதில் விழும். முகம் மட்டும் தெரியாது. நன்மை கொடுக்கச் சுவாமியார் பாத்திரத்தோடு கிராதிக்கு இறங்கி வரும்போது, எந்தப் பக்கத்துக்கு முதலில் போவது? இப்படிக் கட்டிய கோயிலில் அந்தக் கேள்வி ஒவ்வொரு ஞாயிறும் எழாமல் இருக்க முடியாது. ஒரே அப்பத்தைப் பகிர்கிறோம் என்று சொல்லும் சடங்கு, அதைப் பகிர்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்று திட்டம் போட்டுக் கட்டிய கட்டடத்துக்குள் நடந்தது. தனித்தனிப் பந்தி, தனித்தனித் தெரு என்பவை ஊரில் தாமாக வளர்ந்தவை என்று சொல்லித் தப்பிக்கலாம். இதற்கு அந்தச் சாக்கும் இல்லை. வரைபடம் போட்டு, அளந்து, அனுமதி பெற்று, காணிக்கைப் பணத்தில் கட்டியது.

கட்டியவர்களுக்கு நல்லெண்ணம் இருந்திருக்கலாம். அன்றாடச் சண்டை ஓயும், எல்லாரும் கோயிலுக்கு வருவார்கள், காலப்போக்கில் மனம் மாறும் என்று நினைத்திருப்பார்கள். சண்டை ஓயவில்லை. சமரசம் என்று ஒருமுறை கட்டிக் கொடுத்தது, அடுத்த தலைமுறைக்கு உரிமை ஆகிவிட்டது.

அதற்குள் காலம் மாறிக்கொண்டிருந்தது. நாடார்கள் வணிகத்தில் உயர்ந்தார்கள், பள்ளி கட்டினார்கள், சங்கம் வைத்தார்கள். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்தது பெரிய வழக்காயிற்று. சிவகாசியில் 1899இல் கலவரம் வெடித்தது. கமுதி வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ந்தது. அவர்களுக்குக் கோயில் நுழைவு உரிமை இல்லை என்று பேரரசின் உச்ச மன்றமே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் சூடு ஆறுமுன், இரண்டே ஆண்டில், கௌசானல் வடக்கன்குளத்துச் சுவரை இடித்தார். காலத்தோடு வைத்துப் பார்த்தால்தான் அந்தச் செயலின் எடை தெரியும். நாட்டுச் சட்டம் அவருக்குத் துணை நிற்கும் என்று நம்ப அப்போது எந்தக் காரணமும் இல்லை.

கௌசானல் பிரெஞ்சுக்காரர், திரு இருதய சகோதரர் சபையை நிறுவியவர், பள்ளிக்கூடங்களை நம்பியவர். சுவரைக் கட்டிய சேசு சபையின் வாரிசு அவர். முன்னோர் செய்ததைத் திருத்துவது அயலார் செய்ததைக் கண்டிப்பதைவிடக் கடினம். அவர் அதைச் செய்தார்.

சுவரை இழந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்தே என்ற பெயரில் அந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. பார்த்தே திருச்சிராப்பள்ளி மேற்றிராணியார். வாதிகளான பிள்ளைமாரும் முதலிமாரும் கேட்டது, கோயிலில் தங்களுக்கென்று தனி இடம் வேண்டும், மற்றவர்கள் அதற்குள் வரக் கூடாது என்பதுதான். அருகில் வந்தால் தீட்டு என்ற வாதம் ஒரு கிறித்தவக் கோயிலின் பெயரால் நீதிமன்றத்தில் எழுந்தது. வாதிகள் தோற்றார்கள். கிறித்தவர் என்ற முறையில் அவர்கள் கேட்கக்கூடிய உரிமை எதுவும் சாதியிலிருந்து பிறக்காது என்பதே தீர்ப்பின் சாரம். சுவர் திரும்ப எழும்பவில்லை. இந்த வரலாற்றை ஆவணங்களோடு தமிழில் எடுத்துச் சொன்னவர் ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன். அவருடைய ‘கிறித்தவமும் சாதியும்’ நூலை ஒவ்வொரு குருமடத்திலும் பாடமாக வைக்கலாம்.

1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் பிறந்தது. நவீன காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையின் முதல் இந்திய ஆயராகத் திபூர்சியுஸ் ரோச் பொறுப்பேற்றார். வடக்கன்குளம் அந்த மறைமாவட்டத்துக்குள் வந்தது. அங்கே சுவரின் கதை முடிந்தது, வெளியே முடியவில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களின் உள்ளே சுவர்கள் மறைந்த பிறகு அவை கல்லறைத் தோட்டத்துக்குப் போயின. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறித்தவர்களின் குழிகளை மற்றவர்களின் குழிகளிலிருந்து பிரித்து ஒரு சுவர் நின்றது. அதை இடிக்கப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பாதை, தனிக் கல்லறை என்ற ஒதுக்கல்களைப் பொறுக்க முடியாமல் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அங்கே மோதல் மூண்டு, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். வடக்கன்குளத்தில் சுவரை இடித்து நாடார்களுக்கு நீதி கிடைத்தது உண்மை. அந்த நீதி அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களுக்கு ஊர் ஊராகப் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளவே அத்தனை காலம் ஆயிற்று.

தேவசகாயத்தின் பெயரிலும் ஒரு சிறு சுவர் ஒட்டிக்கொண்டிருந்தது. 2012இல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தபோது ‘பிள்ளை’ என்ற சாதிப் பெயரும் கூடவே வந்தது. அது கூடாது என்று பலர் உரோமைக்கு எழுதினார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது அந்தப் பெயர் இல்லை. தேவசகாயம் என்று மட்டும் வாசிக்கப்பட்டது. இதிலும் கவனியுங்கள்: கேட்டதால்தான் நடந்தது. புதுச்சேரியில் 1745இல் போய் முறையிட்டவர்கள் முதல் உரோமைக்குக் கடிதம் போட்டவர்கள் வரை, கேட்டவர்கள் இருந்ததால்தான் ஒவ்வொரு சுவரும் அசைந்தது.

ஊர்த் திருவிழா என்றால் கொடியேற்றம், நவநாள், சப்பரப் பவனி என்று எல்லாவற்றுக்கும் கூட்டம் போட்டுத் திட்டமிடுகிறோம். கல்லறைத் தோட்டத்தைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேச்சு எழுவதில்லை. தனிக் கல்லறை, தனிச் சவ வண்டி, சில தெருக்களுக்குள் போகாத சப்பரம் ஆகியவற்றை நீக்க உரோமையிலிருந்து உத்தரவு வரத் தேவையில்லை. பங்குத்தந்தை முடிவெடுத்து, ஆயர் பின்வாங்காமல் உடன் நின்றால் போதும். நீதிமன்றம் வரை போனாலும் அது நிற்கும் என்பதற்கு வடக்கன்குளம் நூறு ஆண்டுக்கு முந்திய சான்று. உங்கள் ஊர்க் கல்லறையில் அப்படி ஒரு சுவர் இருந்தால், அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். வரும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன்பே அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.